நங்கையாவுக்குப் போர்வை, வங்கியில் ஐந்து பவுன்

கேள்வி (சுருக்கியது): பெருந்துறைக்குப் பக்கத்துல இருக்கறோமுங்க. வீட்டுக்காரர் திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர், மாசம் 28,000 சம்பளம். நான் வீட்டுல ரவிக்கை தெச்சு மாசம் 7,000 பாக்கறேன். சொந்தத்துல யாருக்குக் கொழந்தை பொறந்தாலும் என் கையால குயில்ட் போர்வை, ஜப்லா, தொப்பி, தொட்டில் மெத்தைன்னு தெச்சுக் குடுக்கறது வழக்கம். 2023ல அஞ்சு பவுனை பேங்குல வெச்சு 1,20,000 வாங்கி மிஷினும் துணியும் எடுத்தேன். வருசா வருசம் மாத்தி வெச்சு இப்ப 2,20,000 ஆயிருச்சு. அமெரிக்காவுல டல்லாஸ்ல இருக்கற நங்கையா (அண்ணி முறை) மகளுக்கு இன்னும் ஆறு போர்வை வேணுமாம். கையில காசே நிக்கறதில்லை. கொழுந்தனார் பையன் ஸ்மால் கேப் எஸ்ஐபி (சின்னக் கம்பெனிப் பங்குகள்ல மாசா மாசம் போடற ஃபண்ட்) போடச் சொல்றான், இல்லாட்டி டிஜிட்டல் கோல்டாம் (போன்லயே வாங்கற தங்கம்). எதுல போடலாமுங்க? எம்பிராய்டரி மிஷினும் நோ காஸ்ட் இஎம்ஐல வருது, எடுக்கட்டுமா?

பதில்: எதிலும் போட வேண்டாம். மிஷினும் வேண்டாம்.

நகைக்கடனுக்கு வட்டி உண்டு, கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மூன்று வருடமாக அதைத் தவறாமல் மாற்றி வைப்பவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எனக்கு உறுத்துவது அந்த மாற்றி வைக்கிற விதம்தான். உங்கள் கணக்கைச் சுமார் 11 சதவீத வட்டியில் போட்டுப் பார்த்தேன். 2024ல் 1,20,000க்கு வட்டி 13,200. அதைக் கையிலிருந்து கட்டாமல், கடனை 1,65,000 ஆக்கி அதிலேயே கழித்துக்கொண்டீர்கள். கையில் வந்தது 31,800. 2025ல் வட்டி 18,150. கடன் 2,20,000 ஆனது, கையில் 36,850. மூன்று தடவையும் சேர்த்து நீங்கள் கண்ணால் பார்த்த பணம் 1,88,650. மீதி 31,350 வெறும் வட்டி, அதுவும் கடனாகவே உட்கார்ந்திருக்கிறது. இப்போது வருட வட்டி 24,200. மாதத்துக்கு இரண்டாயிரம் ரூபாய், அதாவது உங்கள் தையல் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

பவுன் விலை ஏறியதால்தான் இது வலிக்கவில்லை. அதே ஐந்து பவுனுக்கு வருடா வருடம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள், நமக்கும் ஏதோ லாபம் வந்த மாதிரி இருக்கிறது. லாபம் நகையில் இருக்கிறது. கையில் வந்தது கடன்.

அந்தக் கடன் எங்கே போனது? போன வருடம் பெரிய போர்வை ஒன்பது, குழந்தை செட் பதினாலு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஆள் படுக்கும் போர்வைக்கு மேல்துணி ஐந்து மீட்டர், அடித்துணி ஐந்து மீட்டர், நடுவில் பாலியஸ்டர் பஞ்சு, ஓரப்பட்டி, நூல் என்று நீங்கள் சொன்ன விலைக்கே 1,600 ஆகிறது. ஒன்பதுக்கு 14,400. குழந்தை செட் 750 வீதம் 10,500. டல்லாஸுக்கு இரண்டு தடவை கூரியர் 15,500. மொத்தம் 40,400. போன வருடம் மாற்றி வைத்து வாங்கிய 36,850 அப்படியே இதில் கரைந்துவிட்டது, மேற்கொண்டும் கொஞ்சம் போயிருக்கிறது. பஞ்சு வைத்த போர்வை எடை குறைவானாலும் இடத்தை அடைக்கும். கூரியர்காரர் பெட்டியின் அளவையும் பார்த்துத்தான் காசு வாங்குவார். துணியை விட அனுப்புகிற செலவு அதிகம் என்பதை நங்கையாவிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

உங்கள் நாட்கள் வேறு. போர்வைக்கு நான்கு நாள், செட்டுக்கு ஒரு நாள் என்றால் ஐம்பது நாள். தினம் இரண்டு ரவிக்கை, 300 ரூபாய் வீதம் 30,000. எல்லா நாளும் ஆர்டர் இருக்காது, பாதி என்றே வையுங்கள். 15,000.

தைத்துக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் 500 ரூபாய் மொய் வைத்தால்கூட நம் ஊரில் நோட்டில் எழுதுகிறார்கள். நாளைக்கு உங்கள் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும். நான்கு நாள் உட்கார்ந்து தைத்த போர்வை எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. அது பாசத்துக்குக் கொடுப்பது, சரி. பாசத்துக்குக் கொடுப்பதை அடகு வைத்துக் கொடுக்கக் கூடாது. வருடத்துக்கு 8,000 என்று ஒரு எல்லை வையுங்கள். கூடப்பிறந்தவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அதில் தாராளமாகச் செய்யலாம். மற்றவர்கள் கேட்டால், "துணியும் பஞ்சும் வாங்கிக் குடுத்துடுங்க, தெச்சு வெக்கறேன்" என்று சொல்லுங்கள். பாதிப்பேர் அதோடு கேட்பதை விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று. ஈரோட்டுச் சந்தையில் முழுத் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி, அதைத் துண்டு துண்டாக வெட்டி, மறுபடி ஒட்டித் தைக்கிறீர்கள். கட்டிங் மாஸ்டர் வீட்டில் இது நடக்கிறது! திருப்பூரில் வெட்டுத்துணி கிலோ கணக்கில் விற்கிறது. பனியன் துணி இழுபடும், ஒட்டுவேலைக்கு முரண்டு பிடிக்கும். உள்பக்கத்துக்கு நன்றாக உழைக்கும். குழந்தைக்கு என்றால் பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்துத் தைத்ததை விட மெத்தென்று எதுவும் இல்லை.

இனி கடன். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் கொண்டுவந்த நகைக்கடன் விதிகள்படி, அசலும் வட்டியும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனைப் புதுப்பிக்க அதுவரையான வட்டியை முதலில் கட்டியாக வேண்டும். எல்லோரும் இதற்கு மாற 2026 ஏப்ரல் 1 கெடு. வட்டியைக் கடனிலேயே கழிக்கும் வழி இனி கிடையாது. அதற்காக வெளியில் ஒரு நாள் கைமாற்று வாங்கிக் கட்டி, சாயங்காலமே மாற்றி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்; அந்தப் பக்கம் போகாதீர்கள். அதே விதிகளில் 2.5 லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்றும் இருக்கிறது. கவுன்டரில் "இன்னும் கொஞ்சம் கெடைக்குமுங்க" என்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள்.

எனக்குப் பிடித்த வழி, ஐந்தில் இரண்டரைப் பவுனை விற்றுக் கடனை முடிப்பது. இன்றைய விலையில் அநேகமாக அது போதும். மாமியார் சம்மதிக்க மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மாதம் 7,000 அசலும் வட்டியுமாகக் கட்டுங்கள், மூன்று வருடத்துக்கு ஓரிரு மாதம் கூடுதலாக ஆகும், முடிந்துவிடும். பரிசுச் செலவில் குறைவது மாதம் 2,700. நகைக்கடைச் சீட்டுக்கு மாதம் 2,000 கட்டுகிறீர்கள்: இருக்கிற நகை வங்கியில் 11 சதவீதத்துக்குத் தூங்க, புது நகைக்குத் தவணை! இந்தச் சீட்டு முடிந்ததும் அடுத்ததில் சேராதீர்கள். மீதி 2,300 கூடுதல் ரவிக்கைகளிலும், போதாததற்கு வீட்டுக்காரர் சம்பளத்திலும் வர வேண்டும். அந்த ஐம்பது நாளில் பெரும்பகுதி மிச்சமாகிறதே.

கொழுந்தனார் பையனுக்கு: 11 சதவீதக் கடனை அடைப்பது 11 சதவீத நிச்சய வருமானம், வரியும் கிடையாது. ஸ்மால் கேப்பில் அப்படி எழுதித் தர அவனால் முடியுமா? டிஜிட்டல் கோல்டு தன் கண்காணிப்பில் இல்லை என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்தது. வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. நோ காஸ்ட் இஎம்ஐ பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது. வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கும். ரொக்கத்துக்கு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள்.

டல்லாஸுக்கு ஒத்துக்கொண்ட ஆறில் இரண்டுக்குத் துணி வெட்டியாயிற்று என்கிறீர்கள். அந்த இரண்டையும் முடித்து, ஊருக்கு வந்து போகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள், கூரியர் வேண்டாம். மீதி நாலுக்குத் துணி நங்கையா வீட்டிலிருந்து வரட்டும்.