மறதிநோயுடன் வாழும் வாடகைதாரருக்கு வீட்டுவசதிச் சங்கம் என்ன செய்யலாம்?

இங்கிலாந்தில் வீட்டுவசதிச் சங்கத்தின் (குறைந்த வாடகைக்கு வீடு விடும் இலாபநோக்கற்ற அமைப்பு) வீட்டில் மறதிநோயுடன் வாழ்பவருக்கு அச்சங்கம் எவ்வாறு உதவலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தரையைப் பார்க்க வேண்டும்: வாசலில் கிடக்கும் கறுப்பு மிதியடி அவர் கண்ணுக்குப் பள்ளமாகவும், பளபளக்கும் தரை ஈரமாகவும் தெரியக்கூடும் என்பதால், சொந்த வீட்டுக்குள்ளேயே கால் வைக்கத் தயங்கி நின்றுவிடுவார். வெள்ளைக் குளியலறையில் வெள்ளைக் கழிப்பறை இருக்கையும் இவ்வாறே கண்ணுக்குத் தப்பிவிடும். அடர்நிற இருக்கையை மாட்டினாலே பெரும் உதவி (அழகு பார்ப்பவர்கள் முகம் சுளிக்கலாம்). குளியல் தொட்டியை அகற்றித் தரைமட்டக் குளியலிடம் அமைப்பது போன்ற பெரிய வேலைகளுக்கு, தகுதியுள்ளவர்கள் உள்ளாட்சி மன்றத்திடம் 30,000 பவுண்டு வரை மானியம் கோரலாம்.

என் பார்வையில், இவற்றைவிட முக்கியமானது பழுதுபார்க்க வரும் பணியாளருக்கு அளிக்கும் பயிற்சி. பிரிக்கப்படாத கடிதங்களையும் அடிகருகிய பாத்திரத்தையும் பெரும்பாலும் முதலில் காண்பவர் அவரே. வாடகை பாக்கி விழுந்தால், எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவதற்கு முன் ஒருவர் நேரில் சென்று விசாரிக்க வேண்டும்.