எலி எலும்பு மஜ்ஜையிலிருந்து டென்ட்ரிட்டிக் செல் (ஒரு வகை நோய் எதிர்ப்புச் செல்) வளர்க்கப் போட்ட எலி ஜிஎம்-சிஎஸ்எஃப் (செல்களை வளரத் தூண்டும் புரதம்) முதல் தடவை வேலை செய்தது, இரண்டாம் தடவை செல்கள் செத்துவிட்டன. ஏன்?

10 மைக்ரோகிராம் குப்பியை 1 மி.லி. தண்ணீரில் கரைத்து, அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று வாரமாக எடுத்து எடுத்துப் போடுகிறீர்கள். ஊட்டி ஆய்வகம். கையில் மனித ஜிஎம்-சிஎஸ்எஃப் மீதம் இருக்கிறது, அதைப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

போடாதீர்கள். எலி செல்லின் ஏற்பியில் அது ஒட்டாது. மனித ஐஎல்-2 (இதுபோன்ற இன்னொரு புரதம்) எலி டி செல்லில் (ஒரு வகை வெள்ளையணு) வேலை செய்யும் என்பதால் மற்றதும் செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜிஎம்-சிஎஸ்எஃப், ஐஎல்-4, காமா இன்டர்ஃபெரான் மூன்றுக்கும் எலியினுடையதுதான் வேண்டும்.

பெரும்பாலும் புரதம் போனது குழாய்ச் சுவரில்தான். இவ்வளவு நீர்த்த கரைசலில், கூடவே வேறு புரதம் இல்லாவிட்டால், சைட்டோகைன் (ஜிஎம்-சிஎஸ்எஃப் போன்ற சமிக்ஞைப் புரதம்) பிளாஸ்டிக்கில் படிந்துகொண்டே இருக்கும். நீங்கள் மி.லி.க்கு 20 நானோகிராம் என்று கணக்குப் போட்டாலும் செல்லுக்குப் போய்ச் சேருவது அதைவிட மிகக் குறைவு.

புதுக் குப்பியைத் திறக்கும் முன் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். ஊட்டி மூடுபனியில் குளிர்ந்த குப்பியைத் திறந்தால் உள்ளே ஈரம் இறங்கும். பிறகு ஒரு நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். பொடி கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலமாக மூடியில் ஒட்டியிருக்கலாம். குப்பி காலியாகத் தெரிகிறதே என்று பதற வேண்டாம். டேட்டா ஷீட் வேறு கரைப்பான் சொல்லாவிட்டால், 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (சுவரில் படியாமல் காக்கும் மாட்டு ரத்தப் புரதம்) சேர்த்த பிபிஎஸ் (உப்புத் தாங்கல் கரைசல்) 100 மைக்ரோலிட்டர் விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். வோர்டெக்ஸ் கருவியில் குலுக்க வேண்டாம், நுரைத்தால் புரதம் கெடும். பத்துக் குழாய்களில் 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து -80 டிகிரியில் வையுங்கள். ஒரு குழாயில் 1 மைக்ரோகிராம், 50 மி.லி. மீடியத்தில் (செல் வளர்ப்புத் திரவம்) விட்டால் மி.லி.க்கு 20 நானோகிராம். உருக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

வளர்ப்பு முறை எளிது: சாதாரண பாக்டீரியா பெட்ரி தட்டில் 10 மி.லி.க்கு 20 லட்சம் மஜ்ஜை செல். 3ஆம் நாள் இன்னொரு 10 மி.லி.; 6, 8ஆம் நாட்களில் பாதியை எடுத்துச் சுற்றி, செல்களைப் புது மீடியத்தில் கலந்து திருப்பி விடுங்கள். ஒவ்வொரு தடவையும் சைட்டோகைன் சேர்த்த மீடியம்தான்.

மலைக்கென்று இரண்டு விஷயம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) கேஜ் 15 பவுண்டு அழுத்தம் காட்டினாலும் உள்ளே 117 டிகிரி அளவில்தான் இருக்கும். 121 வர 18, 19 பவுண்டு வேண்டும். கருவி அதைத் தாங்கும் என்று உறுதி செய்த பிறகே ஏற்றுங்கள், இல்லையென்றால் நேரத்தைக் கூட்டுங்கள். 121 வந்தாலும் எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் நச்சு) அழியாது. பிபிஎஸ், பிஎஸ்ஏ இரண்டும் எண்டோடாக்சின் இல்லாததாக வாங்குங்கள். அது கொஞ்சம் இருந்தாலே செல்கள் நீங்கள் தூண்டும் முன்பே முதிர்ந்துவிடும். இரண்டாவது, கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம் இங்கே போதாமல் போகலாம். இன்குபேட்டரில் மீடியம் ரோஸ் நிறத்துக்கு ஏறினால் (காரத்தன்மை கூடியதன் அடையாளம்) 6.5 வரை வைத்துப் பாருங்கள்.

பொடியாக வரும் பார்சல் மலைப்பாதையில் ஓரிரு நாள் தாமதமாகி ஐஸ் உருகியிருந்தாலும் பொதுவாகக் கெடாது. கரைத்ததற்கு அந்தத் தாக்குப்பிடிப்பு கிடையாது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் ஃப்ரீசரைத் திறக்காதீர்கள். குழாய்களை எப்போதும் உள்பக்கம் வையுங்கள், கதவுத் தட்டில் வேண்டாம்.