அறுப்பதற்கு முந்திய மணித்தியாலங்கள்: கால்நடை வைத்தியரின் கேள்வி பதில்

யாழ்ப்பாண மாவட்டத்தில் அரச கால்நடை வைத்தியராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இறைச்சிக்காக விலங்குகளை அறுப்பது பற்றியும் அவற்றை உயிருடன் கப்பலேற்றுவது பற்றியும் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

சாவகச்சேரி ஆசிரியை ஒருவர்: டொக்டர், கழுத்தை அறுத்த பிறகு விலங்கு எவ்வளவு நேரம் நினைவோடு இருக்கிறது? ஒரு நொடி என்கிறார் ஒருவர். பல நிமிடம் என்கிறார் இன்னொருவர்.

விலங்கைப் பொறுத்து விடை மாறும். ஆட்டின் கழுத்தில் இரு பக்கத்துப் பெரிய நாடிகளையும் கூரிய கத்தியால் ஒரே இழுவையில் வெட்டினால், பெரும்பாலான ஆடுகள் சில செக்கன்களிலிருந்து பதினைந்து செக்கன்கள் வரையிலான நேரத்துக்குள் நினைவிழந்துவிடும். மாட்டின் மூளைக்கோ, கழுத்தெலும்புகளுக்குள்ளால் ஏறிச் செல்லும் வேறு இரண்டு நாடிகளும் இரத்தம் கொண்டு போகின்றன. கழுத்தின் முன்புறத்தை வெட்டுகின்ற கத்தி அவற்றைத் தொடுவதில்லை. அதனோடு, வெட்டுப்பட்ட நாடியின் முனை உள்ளே சுருங்கி, சுற்றிலும் இரத்தம் கட்டி அடைத்துக்கொள்வதும் மாட்டில் அடிக்கடி நடக்கிறது. ஆகையால் பல மாடுகள் இருபது செக்கன்களுக்குள் விழுந்துவிட்டாலும், ஒரு நிமிடத்துக்கு மேலாக நினைவோடு இருந்த மாடுகளும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன.

கத்தி கூராக இருந்தால் வலியே தெரியாது என்ற நம்பிக்கை நம்மிடம் பரவலாக உண்டு. நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கன்றுகளின் மூளை மின்னலைகளை அளந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, கழுத்தில் விழும் வெட்டு மூளையில் வலியாகவே பதிவாகிறது என்று காட்டியது. கூரான கத்தி வலியைக் குறைக்கும், நேரத்தையும் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து ஓர் இளைஞர்: ஐயா, விலங்கு நலம் என்று பேசத் தொடங்கினால் எல்லோரும் எங்களுடைய ஹலால் அறுப்பைத்தான் குற்றம் சொல்கிறார்கள். இது நியாயமா? மயக்கிவிட்டு அறுத்தால் ஹலால் ஆகுமா?

முதற் கேள்விக்குப் பதில்: நியாயம் இல்லை, தம்பி. நான் கடமையிலிருந்த காலத்தில் பார்த்த சிறிய கொல்களங்களில், வெட்டியவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், மயக்கும் கருவி இருந்ததில்லை. சைவர் வீட்டு வளவில் தீபாவளிக்குப் பங்கு போடுவதற்காக வெட்டப்படும் கிடாயும் நினைவோடுதான் சாகிறது. இதில் ஒரு சமூகத்தை மாத்திரம் பிரித்தெடுத்துக் கை நீட்டுபவர்களுக்கு ஆட்டின் மீதோ மாட்டின் மீதோ உண்மையான அக்கறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. கத்தியைக் கூராக்குங்கள், அறுக்கும் பிராணிக்கு ஆறுதல் கொடுங்கள் என்ற கட்டளை நபிமொழியிலேயே இருப்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு மார்க்கத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, நடைமுறையைச் சொல்கிறேன். நியூசிலாந்தில் ஏற்றுமதிக்கான ஹலால் இறைச்சி முழுவதும், தலையில் மாத்திரம் மின்சாரம் பாய்ச்சி மயக்கிய பிறகே அறுக்கப்படுகிறது. அந்த மயக்கம் கொல்வதில்லை. வெட்டாமல் விட்டால் விலங்கு சில நிமிடங்களில் எழுந்து நடக்கும். அறுக்கும் நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதனால் நிறைவேறுவதாக மலேசிய ஹலால் அதிகாரிகள் உட்பட பலர் ஏற்றிருக்கிறார்கள். ஏற்காத அறிஞர்களும் உண்டு. என் கருத்து மறைவானது அல்ல: மீளக்கூடிய மயக்கத்தை இங்குள்ள உலமாக்களும் கால்நடை வைத்தியர்களும் ஒரே மேசையில் இருந்து பேச வேண்டும். அந்தப் பேச்சைச் சட்டத்தின் மிரட்டலோடு தொடங்கக்கூடாது. ஐரோப்பாவில் சுவிற்சர்லாந்து 1893ஆம் ஆண்டிலேயே மயக்காத அறுப்பைத் தடை செய்தது. அந்தத் தடையைக் கேட்ட இயக்கத்தில் யூத வெறுப்பும் கலந்திருந்தது. 1933இல் ஜேர்மனியில் நாசிகள் கொண்டுவந்த சட்டத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. விலங்கு நலம் என்ற நல்ல சொல்லை மனிதரை விரட்டும் தடியாக்கிய வரலாறு இருக்கும்போது, சிறுபான்மையினர் அஞ்சுவதை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

பேராதனைக் கால்நடை வைத்திய பீட மாணவி: மயக்குதல் முறையாக நடந்ததா என்று எப்படி உறுதி செய்வது?

விலங்கு விழுந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒழுங்கான மூச்சு நின்றிருக்க வேண்டும். விழிவெண்படலத்தைத் தொட்டால் இமை அசையக்கூடாது. தலையைத் தூக்கி எழ முயலக்கூடாது. மின்சார முறையில் ஐரோப்பிய ஒன்றியம் விதித்த குறைந்தபட்ச அளவு செம்மறிக்கும் ஆட்டுக்கும் 1 அம்பியர், வளர்ந்த மாட்டுக்கு 1.28 அம்பியர். மாட்டுக்கு ஆணித் துப்பாக்கி (மண்டையில் ஆணியைப் பாய்ச்சி மயக்கும் கருவி) பயன்படுத்தினால், ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் கொம்படிக்குக் கோடு கீறி, இரண்டும் வெட்டும் புள்ளியில் வைக்க வேண்டும். கொம்புள்ள ஆட்டுக்கு இந்த இடம் பொருந்தாது; மண்டையின் பின்புறத்திலிருந்து தாடையை நோக்கி வைக்க வேண்டும். இடம் பிசகினால் மயக்காத அறுப்பைவிடக் கொடியதாகிவிடும் என்பதால், இரண்டாவது கருவி கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் முதலாவதைத் தொடக்கூடாது.

நல்லூரிலிருந்து ஒரு பெரியவர்: மாடு வெட்டுவதை முற்றாகத் தடை செய்துவிட்டால் இந்த விவாதமே தேவையில்லையே?

ஐயா, உங்கள் மனத்திலுள்ள இரக்கத்தை நான் மதிக்கிறேன். 2020ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமைச்சரவை அப்படியொரு தடைக்குக் கொள்கையளவில் உடன்பட்டது. அதே முன்மொழிவில், உண்பவர்களுக்காக மாட்டிறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுப்பது என்ற அம்சமும் இருந்தது. அப்படியானால் மாடு சாவது நிற்கவில்லை. நம் கண்ணுக்கு மறைவான ஒரு நாட்டில், நாம் கேள்வி கேட்க முடியாத ஒரு கொல்களத்தில் சாகிறது.

இன்னொன்றையும் நாம் நேராகப் பார்க்க வேண்டும். உழவு இயந்திரம் வந்த பிறகு நாம்பன் கன்றுக்கு நம் ஊரில் வேலை இல்லை. பாலுக்காக ஜேர்சிக் கலப்புப் பசுவைச் செயற்கை முறையில் சினைப்படுத்துகிறோம். பிறப்பதில் ஏறக்குறைய பாதி ஆண் கன்று. அந்தக் கன்றுக்குப் பால் விடாமல் எலும்பும் தோலுமாகச் சாகவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கறவை வற்றிய கிழப் பசுவைப் பகலில் இறைச்சிக்காரருக்கு விற்க வெட்கப்பட்டு, இரவில் தரகரிடம் கயிற்றைக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். காலையில் கோயிலுக்குப் பால் கொடுத்த அதே வீடுதான் அது. உத்தரப் பிரதேசத்தில் 2017க்குப் பிறகு கெடுபிடி இறுகியபோது, விற்க முடியாத மாடுகள் தெருவிலும் வயலிலும் திரிந்து பட்டினி கிடந்தன. கிழமாட்டுக்கும் ஆண் கன்றுக்கும் தீனிக்கும் கொட்டிலுக்கும் யார் செலவழிப்பது என்பதற்கு விடை சொல்லாத தடை, கத்தியை ஒளித்து வைக்குமே தவிர மாட்டைக் காப்பாற்றாது. பெண் கன்றே கிடைக்கும்படி பிரிக்கப்பட்ட விந்தைப் பயன்படுத்துவதைப் பரவலாக்கினால், வேண்டாத கன்று பிறப்பதையாவது குறைக்கலாம்.

காங்கேசன்துறைப் பக்கத்திலிருந்து ஒருவர்: வேள்வியில் கிடாயின் தலை ஒரே வெட்டில் விழுகிறது. அது இறைச்சிக் கடையைவிட மேல் அல்லவா?

வெட்டு உண்மையில் ஒன்றாகவே இருந்தால், மூளைக்குப் போகும் எல்லா நாடிகளும் ஒரே தருணத்தில் அறுபடுவதால், அந்தச் சில செக்கன்களை மாத்திரம் வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் பறையும் கூட்டமும் சூழ, பட்டியைப் பிரிந்து, இரத்த வாடையின் நடுவே மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் கிடாயின் அச்சத்தை எந்தக் கூரிய வாளும் குறைக்காது. யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் 2017 ஒக்டோபரில் கோயில்களில் உயிர்ப்பலிக்குத் தடை விதித்தது பலருக்கு நினைவிருக்கும். நீதிமன்றம் சொல்லும் முன்பே பல கோயில்களில் ஊரவர்களே கூடி, கிடாய்க்குப் பதிலாகப் பொங்கலும் படையலும் என்று மாற்றியிருக்கிறார்கள். எனக்கு அந்த வழியே நிலைக்கும் என்று தோன்றுகிறது.

கொடிகாமம், ஆடு வளர்க்கும் தம்பதியர்: சந்தைக்கு மோட்டார் சைக்கிளில் ஆட்டைக் கட்டிக்கொண்டு போவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

உங்கள் பொருளாதார நிலை எனக்குத் தெரியும். நான்கு காலையும் சேர்த்துக் கட்டித் தலை கீழே தொங்கும்படி கொண்டு போவதை மாத்திரம் எப்படியாவது விட்டுவிடுங்கள். அசைபோடும் விலங்கு அப்படிக் கிடந்தால், வயிற்றில் வாயு சேர்ந்து நெஞ்சை அழுத்தி மூச்சுத் திணறும். இரைப்பையிலுள்ளது தொண்டைக்கு வந்து நுரையீரலுக்குள் போகவும் கூடும். அயலில் நான்கு பேர் சேர்ந்து ஒரு பட்டா வாகனம் பிடித்து, தளத்தில் சாக்கும் வைக்கோலும் விரித்து, வெயில் ஏறுவதற்கு முன் கொண்டு போங்கள். களைத்துப் பயந்த ஆட்டின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துவிடுவதால், வெட்டிய பிறகு இறைச்சியில் புளிப்புத் தன்மை ஏறாமல், கறுத்து விரைவில் பழுதாகும். இதை வாங்குபவரிடம் எடுத்துச் சொன்னால் நல்ல விலையும் கேட்கலாம்.

மெல்பேர்ணில் வாழும் புங்குடுதீவுக்காரர்: இங்கே உயிருள்ள செம்மறி ஏற்றுமதியை நிறுத்தும் சட்டம் வந்திருக்கிறது. விவசாயிகள் எதிர்க்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம்?

நிறுத்த வேண்டும் என்ற பக்கம். 2017 ஓகஸ்டில் மேற்கு அவுஸ்திரேலியாவின் பிறிமாண்டில் துறைமுகத்திலிருந்து மத்திய கிழக்குக்குச் சென்ற அவாசி எக்ஸ்பிரஸ் கப்பலில் ஏறத்தாழ 2,400 செம்மறிகள் வெப்பத்தால் இறந்தன. அவுஸ்திரேலியாவின் குளிர்காலத்தில் தடித்த ரோமத்தோடு ஏறிய விலங்கு, இரண்டு மூன்று வாரத்தில் வளைகுடாவின் உச்சக் கோடைக்குள் இறக்கப்படுகிறது. வெப்பநிலையோடு ஈரப்பதனும் ஏறினால், மூச்சிரைத்து உடலைக் குளிர்விக்க முடியாது. கீழே சேறாகிய சாணத்திலிருந்து எழும் அமோனியா கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். அந்தக் கப்பலுக்குள் எடுத்த படங்கள் 2018இல் வெளியான பின் விதிகள் இறுகின; வடகோளக் கோடை மாதங்களில் பயணம் தடுக்கப்பட்டது; 2024இல் வந்த சட்டம் 2028 மே 1ஆம் திகதியோடு கடல்வழிச் செம்மறி ஏற்றுமதியை முடிக்கிறது. மாடுகள் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை.

கடல் இன்னொரு பயத்தையும் தருகிறது. இந்தக் கப்பல்களில் பல வேறு சரக்குக்காகக் கட்டி, பின்னர் மாற்றப்பட்டவை. 2019 நவம்பரில் ருமேனியக் கரையருகே குவீன் ஹிந்த் கவிழ்ந்தபோது 14,000க்கு மேற்பட்ட செம்மறிகளில் உயிர் பிழைத்தவை இருநூறுக்கும் குறைவு. 2020 செப்டெம்பரில் நியூசிலாந்திலிருந்து சீனாவுக்குப் போன கல்ஃப் லைவ்ஸ்ரொக் 1 ஜப்பானுக்கு அப்பால் சூறாவளியில் மூழ்கியது. கிட்டத்தட்ட 5,900 மாடுகளோடு 43 மாலுமிகளில் 41 பேரும் மாண்டார்கள், பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ்காரர். அதன் பின் நியூசிலாந்து 2023 ஏப்ரலோடு கடல்வழிக் கால்நடை ஏற்றுமதியை நிறுத்தியது. பிரித்தானியா 2024இல் சட்டம் இயற்றியது.

எதிர்ப்பவர்களின் வாதத்தையும் நான் தள்ளிவிடவில்லை. அவுஸ்திரேலியா விலகினால், விதிகள் குறைந்த நாடுகள் அந்த இடத்தைப் பிடிக்கும் என்கிறார்கள், அது நடக்கக்கூடியதே. 2011இல் இந்தோனேசியாவுக்கான மாட்டு ஏற்றுமதி திடீரென நிறுத்தப்பட்டபோது குடும்பங்கள் நொந்தன. அந்தத் தடை சட்டவிரோதமானது என்று 2020இல் அங்குள்ள நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆகவே கால அவகாசமும் இழப்பீடும் வேண்டும். இறைச்சியைக் குளிரூட்டி அனுப்பும் தொழில்நுட்பம் இருக்கும்போது மூச்சு விடும் உயிரைச் சரக்காக்க வேண்டியதில்லை என்ற நிலையிலிருந்து மட்டும் நான் இறங்கமாட்டேன்.

கிளிநொச்சிப் பால் பண்ணையாளர்: நாம் இறக்குமதி செய்யும் நாடுதானே. இது நமக்கு ஏன்?

அதனால்தான் நமக்கும் பங்கு உண்டு. 2017இல் 5,000 சினைப்பசுக்கள் தனியார் பண்ணைகளுக்காகக் கடல்வழியே கொண்டுவரப்பட்டன. நோயும் இறப்பும் கடனுமாக அந்தத் திட்டம் எப்படி முடிந்தது என்பது கணக்காய்வு வரை போன செய்தி. குளிர்நாட்டுப் பசுவுக்கு நம் வெக்கையும் உண்ணியும் தீனியும் ஒவ்வாது. விந்தையோ முளையத்தையோ இறக்குமதி செய்து, இங்கேயே கலப்பினக் கன்று பெறுவது விலங்குக்கும் உங்கள் கடன் புத்தகத்துக்கும் நல்லது. நமது மாடுகளுக்கே 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலின் குளிர் தாங்கவில்லை. வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை, திறந்த வெளியில் நனைந்தபடி, செத்து விழுந்தன. ஒரு கூரை இருந்திருந்தால் பல பிழைத்திருக்கும்.

வேலணையிலிருந்து: தீவகத்தில் மாடு களவெடுத்துப் பற்றைக்குள் வெட்டுகிறார்கள். சட்டம் என்ன செய்கிறது?

களவுக்கும், அனுமதியின்றி மாட்டை ஏற்றிச் செல்வதற்கும், உத்தரவுப்பத்திரமில்லாமல் வெட்டுவதற்கும் வழக்குத் தொடரலாம். வதைக்கு உள்ள சட்டமோ 1907ஆம் ஆண்டுடையது. அது விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபா. 2006இல் சட்ட ஆணைக்குழு தயாரித்த விலங்கு நலச் சட்டமூலம் பல அரசாங்கங்களைக் கண்டும் நிறைவேறாமல் இழுபட்டது. காதடையாளம் போட்டு, களவு தெரிந்த அன்றே பொலிஸில் முறையிடுங்கள். தாமதித்தால் தடயம் மிஞ்சாது.

கோழிக் கடை வைத்திருப்பவர்: எங்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

கோழியை ஒற்றைக் காலில் தூக்காதீர்கள். தகரக் கூம்பில் தலைகீழாக வைத்து வெட்டினால் சிறகு முறியாது. வெட்டிய பின் 90 செக்கன்கள் முழுவதும் இரத்தம் வடிய விடுங்கள். வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார் என்று உயிர் போகாத கோழியைக் கொதிநீரில் போடுவதைவிடக் கொடுமை உங்கள் தொழிலில் வேறில்லை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர்: பிரதேச சபைக் கொல்களத்துக்குச் சிறிய தொகைதான் கிடைக்கும். எதை முதலில் செய்வது?

காத்திருக்கும் விலங்கு வெட்டும் இடத்தைப் பார்க்காதபடி ஒரு மறைப்புச் சுவர் கட்டுங்கள். வழுக்கும் சீமெந்துத் தரையில் குறுக்குக் கோடுகள் வெட்டுங்கள். மாடு சறுக்கி விழும்போதுதான் அடியும் வால் முறுக்கலும் தொடங்குகின்றன. முந்திய இரவு வந்த விலங்குக்குத் தண்ணீர்த் தொட்டியும் நிழலும் வேண்டும். கத்தியை ஒவ்வொரு விலங்குக்குப் பின்னும் தீட்ட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஆட்டுக்கு 20 செக்கன், மாட்டுக்கு 30 செக்கன் ஆவதற்கு முன்னரும், நினைவு போனது உறுதியாவதற்கு முன்னரும், உடலை இழுக்கவோ தோலில் கை வைக்கவோ கூடாது என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். மணிக்கூடு ஒன்றும் அதே சுவரில் இருக்கட்டும். மயக்கும் கருவிக்கு அடுத்த ஆண்டு வரவு செலவில் இப்போதே எழுதிக் கேளுங்கள். அந்த விண்ணப்பத்துக்குத் தேவையான தொழில்நுட்ப விவரங்களை நான் எழுதித் தருகிறேன்.