ஆசிரியரின் வேலை எது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி, 34 பிள்ளைகள். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் என் தலையில்தான். எமிஸ் என்கிற கல்வித் துறைச் செயலியில் வருகைப் பதிவு, காலை உணவு, சத்துணவுக் கணக்கு, சீருடை, செருப்பு கொடுத்த விவரம், ஆதார். நடுவில், விழுந்து நெற்றி உடைந்த பையனுக்கு மருந்து. சாயங்காலம், வராத பிள்ளையின் வீட்டுக்கு நடை. நான் டீச்சரா, குமாஸ்தாவா, ஆயாவா? பாடம் நடத்துவது மட்டும்தானே என் வேலை?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போவதையும் செருப்புக் கணக்கைச் செயலியில் ஏற்றுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். களைப்பில் அப்படித்தான் தோன்றும். ஆனால் இரண்டும் வேறு.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே பிரித்துத்தான் பார்க்கிறது. பெற்றோரைச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, படிப்பு பற்றிப் பேசுவது ஆசிரியரின் கடமை என்கிறது 24-ஆவது பிரிவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர, கல்வி சாராத வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது 27-ஆவது பிரிவு. செயலி வேலையோ 'பள்ளி வேலை' என்ற பெயரில் உள்ளே வந்துவிடுகிறது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதும் அதே சட்டத்தின் கணக்குதான். இருவரில் ஒருவர் கூட்டத்துக்குப் போக, இன்னொருவர் செல்போனோடு உட்கார்ந்தால், ஐந்து வகுப்புக்கு யார் இருக்கிறார்கள்? உங்கள் கோபம் நியாயமானது.

ஆனால் ஆயா வேலை என்று நீங்கள் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காலை உணவைச் சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். எந்தப் பிள்ளை திங்கட்கிழமை மட்டும் இரண்டாம் தடவை உப்புமா கேட்கிறது, சனி ஞாயிறு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதெல்லாம் உங்கள் கண்ணில்தான் படும். அது தெரிந்தால்தான் அன்று முதல் பாடவேளையில் கழித்தல் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டுக் கதை சொல்லத் தோன்றும். பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது, டீச்சர்.

என் சான்றிதழில் பிறந்த தேதி ஜூன் 1. நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில் என்பது மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியும். தலைமையாசிரியர் என் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். எட்டவில்லை. அம்மா களையெடுக்கப் போனால் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பது அவருக்குத் தெரியும். ஒரு தேதியை எழுதிச் சேர்த்துக்கொண்டார். அதுவும் பதிவேட்டு வேலைதான், ஆனால் எங்கள் வீட்டை அறிந்தவர் எழுதியது. என் படிப்பே அந்த ஒரு வரியில் தொடங்கியது.

ஆகவே மூட்டையைப் பிரியுங்கள். நான்கைந்து பள்ளிக்கு ஒரு எழுத்தர் வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு மேலே அனுப்புங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். தங்கள் பிள்ளையின் பாட நேரம் எங்கே போகிறது என்று தெரிந்தால் அவர்கள் உங்கள் பக்கம் நிற்பார்கள். வீட்டு வாசலுக்கு நடக்கும் அந்த நடையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம், நெற்றி உடைந்த பையன் எப்படி இருக்கிறான்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.