கருந்துளையைப் படமே எடுத்துவிட்டார்கள். இனியும் அது வேறு பொருளாக இருக்கலாம் என்று பேச இடமிருக்கிறதா?

இருக்கிறது. 2019-இல் வெளியான, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் மையத்தைக் காட்டும் படத்தில் தெரிவது ஒளிவளையமும் நடுவில் இருட்டும்தான். உள்ளே போனது திரும்பாத நிகழ்வெல்லை அங்கே உண்டா என்பதைப் படம் சொல்லாது. அதே அளவுக்கு இறுகிய வேறு பொருளும் ஒளியை ஏறக்குறைய அப்படியே வளைக்கும்.

மாற்றுகளில் பலர் பேசுவது கிராவாஸ்டார். 2001-இல் இயற்பியலாளர்கள் மசூரும் மோட்டோலாவும் முன்வைத்தது. மெல்லிய ஓடு, உள்ளே வெளிநோக்கித் தள்ளும் ஆற்றல். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நொறுங்கும் விண்மீன் எப்படி அதுவாக மாறும் என்று யாரும் தெளிவாகக் காட்டவில்லை. எனக்கு அதில் பிடிப்பு இல்லை. தவிர, நம் பால்வீதியின் மையத்தில் நாற்பது லட்சம் சூரிய நிறையுள்ள பொருளுக்கு ஓடு இருந்தால், விழும் வாயு அதில் மோதிச் சூடேறி அகச்சிவப்பில் பளிச்சென்று தெரிய வேண்டும். அந்த வெளிச்சம் இல்லை.

நான் வேலை பார்ப்பது கோவை கணபதியில் ஒரு பவுண்டரியில். பம்ப் காஸ்டிங்கை மணல் உதிர்த்து, கொக்கியில் தொங்கவிட்டு, சிறு சுத்தியலால் தட்டுவோம். நல்லது ‘கணீர்’ என்று இழுக்கும். விரிசல் விட்டது ‘டொக்’ என்று அடங்கிவிடும். அறுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. 2015 செப்டம்பர் 14 அன்று பதிவான ஈர்ப்பலையிலும் (கனத்த பொருள்கள் சுற்றி மோதும்போது விண்வெளியையே அசைத்துப் பரவும் அலை) கேட்டது இப்படிப்பட்ட அதிர்வைத்தான். இரண்டு பொருள்கள் இணைந்து, சுமார் 62 சூரிய நிறையுள்ள ஒன்றாகி, சில மில்லி விநாடிகளில் அடங்கியது. நிகழ்வெல்லைக்குப் பதில் ஓடு இருந்தால் பின்னாலேயே எதிரொலிகள் வர வேண்டும். வந்ததாக 2016-இல் ஒரு குழு சொன்னது; மற்றவர்கள் அலசியபோது அது நிற்கவில்லை.

எஞ்சுவதில் எனக்குப் பிடித்தது போசான் விண்மீன்: போசான் வகைத் துகள்கள் தம் ஈர்ப்பாலேயே திரண்ட உருண்டை. 1968-இலேயே இயற்பியலாளர் காப் கணக்கிட்டுவிட்டார். ஓடும் இல்லை, நிகழ்வெல்லையும் இல்லை. அதற்கு வேண்டிய துகளைத்தான் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இதைச் சோதிக்க 2035 வாக்கில் ஏவத் திட்டமிட்டுள்ள லிசா என்ற விண்வெளி ஈர்ப்பலைக் கருவி உதவலாம். பெரிய கருந்துளையைச் சுற்றும் சிறு பொருள் உள்ளே விழுந்ததும் அதன் ஈர்ப்பலை சட்டென்று நின்றுபோகும். போசான் விண்மீனானால் அந்தச் சிறு பொருள் அதற்குள்ளேயே புகுந்து சுற்றும், அலையும் தொடர்ந்து வரும்.