துபாயிலிருந்து ஊருக்கு ட்ரோன் கொண்டு வரலாமா?

கேள்வி: தங்கை கல்யாணத்துக்குக் கீழக்கரை வருகிறேன். துபாயில் வாங்கிய சின்ன ட்ரோனை மதுரை ஏர்போர்ட்டில் டியூட்டி கட்டி எடுத்து வர முடியுமா?

முடியாது தம்பி. அதை அங்கேயே யாரிடமாவது பத்திரமாகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ராமநாதபுரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். வெளிநாட்டில் பிழைக்கும் சபுராளிகள் நிறைந்த ஊர்ப்பக்கம் என்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. டிவிக்குக் கட்டுகிற மாதிரி இதற்கும் வரி கட்டிவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ட்ரோன் இறக்குமதியே தடை. 2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் அறிவித்தது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் அனுமதியோடு விலக்கு உண்டு. 250 கிராமுக்குக் குறைவு என்றாலும் தடை தடைதான். இறக்கையைக் கழற்றி நாலு பெட்டியில் பிரித்துப் போடச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். பிரித்த நிலையில் வரும் முழு ட்ரோனும் அதே தடைக்குள் வருகிறது. தனி உதிரிபாகங்களுக்குத்தான் தடை இல்லை.

ஏற்கெனவே பெட்டியில் வைத்து விமானம் ஏறியாகிவிட்டது என்றால்? சுங்கத்தில் தெரிவிக்க எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நடக்கவே நடக்காதீர்கள். சொல்லாமல் போய் ஸ்கேனரில் மாட்டினால் பொருளும் போகும், அபராதமும் வரும். பொருளைத் தெரிவிப்பவர்களுக்கான சிவப்பு வழிக்குப் போய் நீங்களாகவே சொல்லுங்கள். சுங்கச் சட்டம் 1962, பிரிவு 80 இதற்காகவே இருக்கிறது. உண்மையாகத் தெரிவித்த பொருளை, நீங்கள் இந்தியாவை விட்டுக் கிளம்பும்போது திருப்பித் தருவதற்காகச் சுங்க அதிகாரிகளிடமே நிறுத்தி வைக்கக் கேட்கலாம். ரசீதில் மாடல், சீரியல் நம்பர், பேட்டரி எத்தனை என்று எல்லாம் எழுதியிருக்கிறதா என அங்கேயே நின்று பாருங்கள். திரும்பும் நாளில் அதை வாங்க நேரம் பிடிக்கும், முன்கூட்டியே போய்விடுங்கள். நீங்கள் வாங்க முடியாத நிலை வந்தால், உங்கள் அனுமதியோடு வேறொரு பயணி மூலம் அனுப்பவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இங்கே வாங்கிய ட்ரோனை வெளிநாட்டுக்குக் கொண்டு போவது வேறு கதை. கிளம்பும்போதே சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். அது கையில் இல்லாமல் திரும்பி வந்தால், இது இந்தியாவில் வாங்கியது என்று நிரூபிக்கப் படாத பாடு பட வேண்டும். லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள். போகிற நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். எகிப்திலும் மொராக்கோவிலும் சுற்றுலாப் பயணியின் ட்ரோனை ஏர்போர்ட்டிலேயே எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், நம் கரையில் பறக்க விடுவதும் சாதாரண விஷயம் இல்லை. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, எதிரே இலங்கை எல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் இடத்தில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. தங்கை கல்யாணத்துக்கு, பதிவு எண்ணோடு ட்ரோன் வைத்திருக்கும் உள்ளூர் ஆளைப் பிடியுங்கள். கல்யாண மண்டபம் எங்கே என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் வரைபடத்தை அவரே பார்த்துச் சொல்வார்.