மலை இறக்கமும் பிரேக் விளக்குகளும்: வாசகர் கேள்வி–பதில்

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினோம். பர்லியாறு தாண்டியதும் பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்கி உள்ளே போனது. ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்றதும் சரியாகிவிட்டது. டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஒர்க்ஷாப்பில் குறை எதுவும் இல்லை என்கிறார்கள். நம்பலாமா? (குன்னூர் வாசகர்)

நம்பாதீர்கள். உங்கள் காலுக்குத் தெரிந்ததுதான் உண்மை. பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான் பெடலில் கொடுக்கும் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழ் உண்டானால், அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே காலின் வலு தீர்ந்துவிடும். ஆறியதும் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும், பெடலும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆறிய வண்டியை ஒர்க்ஷாப்பில் பார்த்தால் குறை எப்படித் தெரியும்?

விளக்கு எரியாததற்கும் காரணம் உண்டு. சிவப்பு பிரேக் விளக்குக்குத் தெரிந்தது மூன்று விஷயங்கள்தான்: ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா, ஆயில் டப்பாவில் அளவு குறைந்ததா, முன்–பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பங்கிடும் இபிடி வேலை செய்கிறதா. பிரேக்கின் சூட்டை அளக்கும் சென்சார் சாதாரண கார்களில் கிடையாது. அதனால் மலையில் காலையும் மூக்கையும்தான் நம்ப வேண்டும்.

சூடு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர். ஆட்கள், பெட்டி எல்லாம் சேர்த்து 1,500 கிலோ இருக்கும் கார் அந்த உயரத்தை இறங்கும்போது ஏறக்குறைய 28 மெகாஜூல் ஆற்றலைக் கழித்தாக வேண்டும். 90 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி வரைக்கும் சூடேற்ற அது போதும். அதில் எஞ்சின் எவ்வளவு தாங்குகிறது, பிரேக் எவ்வளவு தாங்குகிறது என்பது நீங்கள் போடும் கியரைப் பொறுத்தது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, 140. அதாவது பழைய ஆயிலுக்கும் புது ஆயிலுக்கும் நடுவே 65, 75 டிகிரி வித்தியாசம். ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டியில் இது தெரியவே தெரியாது. மலை இறக்கத்தில்தான் தெரியும்.

ஆகவே ஆயிலை முழுதாக மாற்றுங்கள். மேலாக ஊற்றி நிரப்புவது மாற்றுவது ஆகாது. சீல் உடைக்காத 500 மில்லி டப்பா இரண்டு வாங்கினால் பெரும்பாலான கார்களுக்குப் போதும். பழையதை வண்டியிலுள்ள ஆயில் டப்பாவிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துவிட்டு, புதியதை ஊற்றி, ஒவ்வொரு சக்கரமாக பிரேக்கிலுள்ள நிப்பிள் என்ற சிறு திருகைத் திறந்து, குமிழ் இல்லாமல் தெளிந்த ஆயில் வரும்வரை ஏர் எடுக்க, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் வலது பக்கம் இருக்கும் நம் ஊர் கார்களில் வழக்கமான வரிசை பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சில மாடல்களுக்கு வரிசை மாறும், சர்வீஸ் புத்தகம் சொல்வதையே பின்பற்றுங்கள். வேலை நடக்கும்போது டப்பா காலியாகிவிடக் கூடாது, காற்று உள்ளே போய் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். பெயின்ட் மீது சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயின்ட் உரிந்துவிடும். மீதமான ஆயிலை அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிகான் ஆயில், இதோடு சேரவே சேராது. மலையில் ஓடும் வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதைத் தள்ளிப்போடவே கூடாது.

இதே இறக்கத்தில் இன்னொரு விதமாகவும் பிரேக் கைவிடும். பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது, கருகல் வாடை வரும். அது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டைப் பிடிக்கும் பேட் சூடேறிப் பிடிப்பை இழப்பது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டியிருந்ததோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது, கொண்டை ஊசி வளைவில் முதலாவது. ஆட்டோமேட்டிக் என்றால் டி–யில் விடாமல் எல், 2 அல்லது மேனுவல் முறைக்கு மாற்றுங்கள். பெடலில் காலை லேசாக வைத்துக்கொண்டே இறங்குவது மிகக் கெடுதல். வேகம் கூடியதும் அழுத்திப் பிடித்துக் குறைத்துவிட்டு, காலை முழுதாக எடுத்துவிடுங்கள்; அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய எஞ்சின்களில் கியரில் இருந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் தெளிப்பதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்காகத் தொடர்ந்து எரியும்.

பெடல் உள்ளே போய்விட்டால் வேகமாக நாலைந்து முறை மிதித்து மிதித்து விடுங்கள், ஓரளவு அழுத்தம் திரும்பும். கூடவே ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் என்றால் பட்டனை அழுத்திக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வண்டி நின்றதும் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்தோ விரிசல் விட்டோ போகும்.

வளைவில் திரும்பும்போது மட்டும் சிவப்பு வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட விளக்கு எரிந்து அணைகிறது. ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கித்தான் இருக்கிறது. (கோத்தகிரி வாசகி)

ஆயில் அளவு குறைந்தபட்சக் கோட்டை ஒட்டி இருக்கிறது. வளைவில் ஆயில் ஒரு பக்கமாகச் சாயும்போது டப்பாவுக்குள் இருக்கும் மிதவை கீழே இறங்கி விளக்கைப் போடுகிறது. சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள்.

குறைந்திருக்கிறது என்று தெரிந்ததும் பலர் செய்வது மேலே ஊற்றி நிரப்பிவிடுவது. அதை மட்டும் செய்யாதீர்கள், ஏன் குறைந்தது என்று முதலில் பாருங்கள். பேட் தேயத் தேய, அதை டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே வரும். அந்த இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். இதில் கசிவே இல்லை. புது பேட் சுமார் 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், 3 மில்லிமீட்டர் வந்தால் மாற்றிவிடுங்கள். தேய்ந்த நேரத்தில் ஆயிலை மேல்கோடு வரை நிரப்பிவிட்டால், புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ள, ஆயில் பொங்கி வழியும்.

பேட் நன்றாக இருந்தால் கசிவைத் தேடுங்கள். பின் டிரம்மைக் கழற்றி, உள்ளே ஷூ என்ற பிரேக் கட்டைகளைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால் சிலிண்டர் போய்விட்டது. ஷூவில் ஆயில் ஊறியிருந்தால் அதைத் துடைத்துப் பயனில்லை, இரண்டு பக்கமும் சேர்த்துப் புதிது போட வேண்டும். வெளியே எங்குமே ஈரம் இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால், கால் மிதிக்கு வலு கூட்டும் பூஸ்டரோடு சேரும் இடத்தைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்திருந்தால் அது மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? அப்படியானால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர்கள் தேய்ந்துவிட்டன.

பேட் மாற்றிய அன்றே மலை இறங்காதீர்கள். 200, 300 கிலோமீட்டர் மிதமாக ஓட்டிய பிறகுதான் பேட் டிஸ்க்கோடு முழுதாகப் படியும்.

ஏபிஎஸ் மஞ்சள் விளக்கு ஒரு மாதமாக அணையவில்லை. பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. ஓட்டலாமா? ப்ளூடூத் ஸ்கேனரில் பார்த்தேன், கோளாறு எதுவும் காட்டவில்லை. (கூடலூர் வாசகர்)

மஞ்சள் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கிறது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி மட்டும் இல்லை. காய்ந்த சாலையில் கவனமாக ஓட்டி ஒர்க்ஷாப் போகலாம். நடுவட்டம் வழியில் மஞ்சு இறங்கி ரோடு நனைந்திருக்கும்போது அழுத்தி மிதித்தால் வண்டி வழுக்கும். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து எரிந்தால் விஷயம் வேறு. முதலில் ஹேண்ட் பிரேக்கையும் ஆயில் அளவையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் இபிடி போயிருக்கக்கூடும். பின் சக்கரங்கள் முதலில் பூட்டி வண்டி சுழலும் அபாயம் உண்டு. அந்த நிலையில் மலை இறங்கவே வேண்டாம், ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

மலிவான ப்ளூடூத் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை பி (P) என்று தொடங்கும் எஞ்சின் கோடுகளை, அதாவது கோளாறுக் குறியீடுகளை மட்டும் படிக்கும். ஏபிஎஸ் கோடுகள் சி (C) என்று தொடங்குபவை, அவற்றுக்கு ஏபிஎஸ் பெட்டியோடு பேசும் ஸ்கேனர் வேண்டும். ஒர்க்ஷாப்பில் கோடு படித்து அழித்துவிட்டால் மட்டும் போதாது. ஸ்கேனரில் ஓட்டத்தின்போதே அளவுகளைக் காட்டும் லைவ் டேட்டாவில் நான்கு சக்கர வேகத்தையும் போட்டு, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தச் சக்கரம் பூஜ்யம் காட்டுகிறதோ, தாவித் தாவிக் காட்டுகிறதோ அங்கேதான் குறை. எஸ்டேட் மண்பாதையில் ஓடும் வண்டி என்றால் பெரும்பாலும் சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரின் நுனியில் ஒட்டிய சேறு, ஸ்டியரிங் திரும்பும்போது மடங்கி மடங்கி உள்ளே அறுந்த வயர், அந்தச் சென்சார் படிக்கும் பல் வளையத்தில் துரு, இல்லையென்றால் ஆட்டம் கண்ட வீல் பேரிங். புது வகை ஆக்டிவ் சென்சாரை ஓம் மீட்டரில் சோதிக்கக் கூடாது, நல்ல சென்சாரும் கெட்டுவிடலாம்.

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஏபிஎஸ், ஸ்டியரிங், ஏர்பேக் என்று பல விளக்குகள் ஒன்றாக எரிந்தால் சென்சாரைத் தேடுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே, அல்லது எஞ்சின் ஓடும்போது 13.5க்குக் கீழே இருந்தால் சந்தேகம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மதுரையில் மெத்தென்று பிடிக்கும் பிரேக், கொடைக்கானல் வந்ததும் கெட்டியாக இருக்கிறது. பெட்ரோல் கார். (கொடைக்கானல் வாசகர்)

பூஸ்டர் வேலை செய்வது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தால். கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. பூஸ்டரின் உதவியும் அதற்கேற்பக் குறையும். கொஞ்சம் கெட்டியாவது இயல்பு.

கீழே இறங்கியும் கெட்டியாகவே இருந்தால் சோதியுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு ஐந்தாறு முறை மிதித்துப் பெடல் இறுகியதும், காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் ஒரு விரல் அகலம் தானாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்குவம் குழாய், அதிலுள்ள ஒருவழி வால்வு, பூஸ்டர் என்ற வரிசையில் பாருங்கள். பெடலை மிதிக்கும்போது காலடியில் உஸ்ஸென்று காற்று ஓசை கேட்டால் பூஸ்டரின் உள் ரப்பர் கிழிந்திருக்கிறது. இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று மிதியில் பூஸ்டரின் சேமிப்பு தீர்ந்துவிடும்.

மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் காலையில் பின் சக்கரம் நகர மறுக்கிறது. (ஊட்டி வாசகர்)

டிரம்மின் உட்புறம் துருவேறி ஷூ ஒட்டிக்கொள்கிறது. எஞ்சினை முறுக்கி இழுக்காதீர்கள். ரிவர்ஸிலும் முதல் கியரிலும் மாறி மாறி மெதுவாக அசைத்தால் டக் என்ற சத்தத்தோடு விடும். விடாவிட்டால் டிரம்மின் விளிம்பில் மரச் சுத்தியலால் தட்டலாம். வீட்டை நெருங்கும்போது கடைசி நூறு மீட்டர் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி வந்து ஈரத்தைக் காயவையுங்கள். சமதள முற்றம் என்றால் ஹேண்ட் பிரேக் வேண்டாம், கியரும் கட்டையும் போதும். சரிவில் ஹேண்ட் பிரேக்கைத் தவிர்க்க முடியாது. அங்கே முகம் மேட்டைப் பார்த்தால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்தால் ரிவர்ஸ், கூடவே கட்டை.

பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. ஓட்டிவிட்டு நிறுத்தினால் ஒரு முன் சக்கரத்தில் மட்டும் அனல் வீசுகிறது. (பெருமாள்மலை வாசகர்)

அனல் வீசும் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. எது பிடித்து வைத்திருக்கிறது என்று அறிய ஒரு நல்ல வழி உண்டு. சூடாக இருக்கும்போதே அந்தச் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுழற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரின் நிப்பிளைச் சற்றுத் திறக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் ஆயில் பீய்ச்சி, சக்கரம் லேசாகிவிட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது என்று அர்த்தம். பெரும்பாலும் உள்ளே வீங்கி அடைத்த ரப்பர் ஹோஸ். திறந்தும் இறுக்கம் விடாவிட்டால் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னோ (pin) பிஸ்டனோ துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது. ஸ்லைடு பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே உள்ள சிலிகான் கிரீஸ் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதி இன்னும் மோசமாகும். ஹோஸை இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள்.

ஊட்டி விடுதியில் எலெக்ட்ரிக் காரை இரவு முழுக்க சார்ஜ் போட்டு 100 சதவீதம் ஆக்கி இறங்கினேன். ரீஜென் (இறக்கத்தில் மோட்டார் வண்டியைத் தடுத்து மின்சாரம் ஆக்குவது) கிடைக்காது என்று மீட்டரில் வந்தது. கோளாறா? (கோயம்புத்தூர் வாசகர்)

கோளாறு இல்லை. நிறைந்த பேட்டரிக்குள் திரும்ப வரும் மின்சாரத்தைப் போட இடம் இல்லை. மேலே சொன்ன 28 மெகாஜூல் ஏறக்குறைய ஏழே முக்கால் யூனிட். அதில் ஒரு பகுதியை வாங்க வேண்டிய மோட்டார் ஒதுங்கிக்கொண்டால் இறக்கத்தின் பாரம் பிரேக்கின் மேல் விழும். பெட்ரோல் காருக்கு இருக்கும் எஞ்சின் பிடிப்பும் இதில் இல்லை. மலை மேல் 80 சதவீதத்தில் நிறுத்திக்கொண்டு, ரீஜென்னை மிக உயர்ந்த நிலையில் வைத்து இறங்குங்கள்.

காலையில் நீல நிறத்தில் வெப்பமானி போன்ற விளக்கு எரிகிறது. (கோத்தகிரி வாசகர்)

எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று சொல்கிறது, பழுதில்லை. அணையும்வரை மிதமாக ஓட்டுங்கள். 20 நிமிடம் ஓடியும் அணையாவிட்டால் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கியிருக்கலாம். அதே படம் சிவப்பில் வந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டது; ஓரங்கட்டி நிறுத்துங்கள், ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறக்காதீர்கள்.